உயிரோடு இருப்பவர்களுக்குப் படம் கிடையாது

எங்கள் பத்திரிகைக்குச் சிறப்பு மலர் போடும் குழுவின் முதல் கூட்டத்தில் பேராசிரியர் ஒரு கற்றைக் காகிதத்தை என் முன்னால் போட்டார். இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தது. பின்லாந்து நாட்டில் ஏதோ ஒரு மாவட்டத்தில் தொழிலாளர்கள் நடத்திய பத்திரிகையின் வரலாறாம்.

"இந்த மாடல்ல நம்ம பத்திரிகை வரலாற எழுதிடுங்க தோழர். எல்லாம் அதுலயே இருக்கு. ஊர்ப் பேர மாத்திக்கிட்டா போதும்."

பேராசிரியர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாடம் நடத்தியதும் இதே முறையில்தான் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். நான் எங்கள் பத்திரிகையின் துணையாசிரியர். தஞ்சை வட்டாரத்து விவசாயக் கூலிகளுக்காக நடந்த வார ஏடு அது. துணையாசிரியர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நம்பித்தான் என் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். புரூஃப் பார்ப்பது, டீ சொல்லி அனுப்புவது, இயக்கத் தலைவர் மேடையில் பேசியதை அவர் பேசாத மாதிரித் திருத்துவது, இவ்வளவுதான் வேலை என்று தெரிந்த பிறகு மாமனார் என் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் பின்லாந்தைப் படித்தேன். செல்போன் மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழில் படித்ததால் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. தொழிலாளர்கள் கையில் இருந்ததைப் போட்டுப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதற்கென்று ஒரு கட்டடம், ஒரு அச்சு எந்திரம். பிறகு இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் துரோகி என்று எழுதினார்கள். பிறகு வாசகர்களுக்கு வயதாகிவிட்டது. பனியை எடுத்துவிட்டு வெயிலைப் போட்டால் எங்கள் கதைதான். பேராசிரியர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருந்தார். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் பத்திரிகை கீழவாசல் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் நடந்தது. முதல் பக்கம் எப்போதும் வெளிநாட்டுக்குத்தான். எங்கேயோ ஒரு நாட்டில் எஃகுத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தால் தலைப்பு நாலு பத்தி அகலத்துக்கு ஓடும். பூதலூர் பக்கம் அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக ஒரு சேரியையே பண்ணையார் வேலையை விட்டு நிறுத்தினால், அது மூன்றாம் பக்கத்தில் பூச்சிமருந்து விளம்பரத்துக்குக் கீழே வரும். நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத நான்தான் அந்தச் செய்தியைச் சுருக்குவேன். இடம் போதாது என்று அரைப்படியைக்கூட ஒருமுறை சுருக்கியிருப்பேன், யார் கண்டது.

இப்போது பத்திரிகை அச்சில் இல்லை. மாதம் ஒருமுறை பி.டி.எஃப். ஆக வாட்ஸப் குழுக்களில் போகும். குழுவில் இருப்பவர்கள் திறந்து பார்க்காமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வயலில் நடுவது பீகாரிலிருந்து வந்த பையன்கள், அறுப்பது எந்திரம். எந்திரத்துக்குக் கூலி உயர்வு கேட்டு யாரும் தலையங்கம் எழுத முடியாது. ஆக, நிகழ்காலம் இல்லாதவர்கள் செய்கிற காரியத்தைச் செய்ய முடிவானது. வரலாறு எழுதுவது. மலர் போடுவது. வாழ்த்து விளம்பரங்கள் குவிந்தன. ஒரு நவீன அரிசி ஆலை, ஒரு நகைக் கடை, அறுவடை எந்திரம் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று. பின்னட்டையை ஒரு பொறியியல் கல்லூரி எடுத்துக்கொண்டது. அதை நடத்துபவரின் தாத்தா, எங்கள் பத்திரிகையைத் தன் பண்ணைக்குள் கொண்டுவந்தால் காலை உடைப்பேன் என்று சொன்னவர். பேரன் 'உழைப்போரின் குரல் ஓங்குக' என்று வாழ்த்தியிருந்தார். தலைவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "காலம் மாறிடுச்சு பாத்தீங்களா தோழர்" என்றார். மாறியது எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் நீளும், டீ ஆறிவிடும்.

அந்தப் பண்ணைக்குள் பத்திரிகையைக் கொண்டுபோன ஆள் யார் என்று தேடியபோதுதான் மன்னார்குடியில் இருக்கும் பெரியவரைப் பற்றித் தெரிந்தது. எங்கள் ஏஜென்ட். பஸ்ஸிலிருந்து விழும் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். அவர் வேலை விற்பதோடு நிற்காது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சாயங்காலம் கொடிமரத்தடியில் அவரே உரக்க வாசிப்பார். முதல் பக்கத்து எஃகுத் தொழிலாளியில் ஆரம்பித்து கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் 'அச்சிட்டு வெளியிடுபவர்' வரைக்கும், அச்சகத்து விலாசம் உட்பட. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு வரியை விட்டாலும் அது ஏமாற்று வேலை என்று நினைத்தாராம். அச்சகத்து விலாசம் வரும்போது கூட்டமும் சேர்ந்து சொல்லுமாம்.

பத்திரிகை இரண்டாக உடைந்தபோது அவர் எந்தப் பக்கமும் போகவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் எங்கள் ஏடு, மறு பக்கம் அவர்கள் ஏடு. கொடிமரத்தடியில் எங்கள் வசவை வாசித்து முடித்துவிட்டு அவர்கள் வசவை வாசிப்பார். இரண்டு ஆபீஸும் அவரைத் துரோகி என்று தீர்மானம் போட்டன. உடைந்த பிறகு இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நான் போனபோது அவர் மகள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கு காபி கொடுத்தார். பத்திரிகை ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும், கொடுத்த டம்ளரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்பது போலப் பார்த்தார்.

பெரியவர் வரலாற்றுக்கு வேண்டியதை எல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டார். "மலர்ல படம் போடுவீங்களா தம்பி?"

"போடுவோம் ஐயா."

"என் படம்?"

இந்த இடத்தில் எங்கள் பத்திரிகையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் படம் போட பிளாக் என்ற உலோக அச்சு செய்ய வேண்டும். அதற்குச் செலவாகும். அதனால் தலைவர்களைத் தவிர வேறு யாருக்கும் உயிரோடு இருக்கும்போது படம் கிடையாது. கூலிக்காரர் ஒருவர் இயக்கத்தில் இருந்து செத்தால், கறுப்புக் கட்டத்துக்குள் தபால்தலை அளவில் ஒரு படம் வரும். அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். கத்தரித்துக் கண்ணாடிக்குள் போட்டு, பொட்டு வைத்து மாட்டுவார்கள். பிளாக் காலம் போய் ஆஃப்செட் வந்தது, ஆஃப்செட் போய் செல்போன் வந்தது, வழக்கம் மட்டும் அப்படியே நின்றது. எங்கள் ஆபீஸில் மாறாமல் இருந்த ஒரே கொள்கை அது.

"ஊர்ல அத்தன பேரு படத்தயும் காட்டி, பேர வாசிச்சவன் நான்" என்றார் பெரியவர். "இன்னார் மறைந்தார், இன்னார் மறைந்தார்னு. நான் செத்தப்புறம் போடுவீங்க, சரி. அத நான் எப்புடிப் பாக்குறது?"

மகள் உள்ளேயிருந்து, "அந்தப் பத்திரிகையால என்னத்தக் கண்டீங்க? அடியும் ஜெயிலும்தான். இன்னும் படம் ஒன்னு கொறச்சலாப்பா?" என்றார்.

"ஆமா, அதான் கொறச்சல்" என்றார் அவர்.

எனக்கு இது சின்ன விஷயமாகத்தான் பட்டது. நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு தபால்தலை. அவர் கேட்டார் என்று சொல்லாமல், மன்னார்குடி ஏஜென்ட் படத்தையும் போடலாம் என்று மட்டும் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். பேராசிரியர் பேனாவை மூடினார்.

"வரலாற்றுப் பகுதியில மறைந்தவங்க படம் மட்டுந்தான். அதுதான் மரபு."

"எதுக்கு தோழர்?"

"உயிரோட இருக்கறவன் நாளைக்கு எந்தப் பக்கம் போவான்னு உத்தரவாதம் இல்ல. செத்தவன் மாற மாட்டான்."

தலைவர் ஆமோதித்தார். "அதுவும் அவரு ரெண்டு பேப்பரும் வித்த ஆளு. படத்தப் போட்டா மலர் வெளியீட்டு விழாவுக்கு வருவாரு. வந்தா மைக்க கேப்பாரு."

"அவரு இப்ப இருக்காரா?" என்றார் பேராசிரியர்.

ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பது கூடத் தெரியாமல் அவர் மேல் விவாதம் முடிந்துவிட்டது. 'இருக்கார்' என்று வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். முன்னட்டையில் தலைவர் படம் வலது பக்கமா இடது பக்கமா என்பது. இடது என்று முடிவாக அந்திவரை ஆனது.

மன்னார்குடிக்குத் திரும்பப் போய் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை மறந்து நேராகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தெருவில் போன ஆட்டோவைப் பார்த்தபடியே கேட்டார்.

"செத்தவங்களுக்குப் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப செத்துட்டேன்னு போட்டுருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகள் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னப்பா பேச்சு இது? உசுரோட இருக்கற மனுசனுக்குக் கறுப்புக் கட்டம் போடுவாங்களா? வெளங்குமா?"

"போட்டா செத்துருவனா? போடலன்னா சாகாம இருந்துருவனா? நான் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்க தம்பி" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் நல்ல மனிதர்கள் மறுப்பார்கள். நான் பேனாவை எடுத்தேன். இரங்கல் எழுதுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். 'நீண்ட நாள் உடல்நலக் குறைவால்' என்று ஆரம்பித்து வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு உடம்புக்கு ஒன்னும் இல்லையே. பொய் எழுதக்கூடாது. அத எடுங்க."

எடுத்தேன். 'அன்னாரின் மறைவு உழைக்கும் மக்களுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று முடித்தேன்.

"அதான் வாட்சப் வந்து ஈடு செஞ்சாச்சே" என்றார். "அதயும் எடுங்க. பேப்பர் போட்டார், வாசிச்சார், காலமானார். போதும்."

படத்துக்கு ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தில் எல்லோரும் செத்த மாதிரிதான் இருப்போம் என்றாலும் அச்சில் தெளிவாக வராது. கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, பட்டனை எல்லாம் கழுத்து வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரிங்க தாத்தா" என்றார்.

"செத்தவன் சிரிச்சா நல்லாருக்காதுப்பா" என்றார் பெரியவர்.

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கல்யாண ஜோடிகளைப் பார்த்தேன்.

பக்கம் குழுவுக்குப் போனது. பேராசிரியர் பார்த்தார், "ஓ, போயிட்டாரா" என்றார், சரி என்று மேலே ஒரு சுழி போட்டார். தலைவர், "நல்ல மனுசன். அவரப் பத்தி விழாவுல நாலு வார்த்த சொல்றேன்" என்றார். உயிரோடு இருக்கும்வரை துரோகி. ஒரு கறுப்புக் கோடு வரைந்ததும் நல்ல மனுசன். கோடு வரைய கம்ப்யூட்டர் பையன் எடுத்துக்கொண்டது ஒரு கொட்டாவி விடுகிற நேரம்.

விழாவுக்கு அவர் வந்தே தீருவேன் என்றார். மகள் வர மறுத்துவிட்டார். "நீங்கதான சாகடிச்சீங்க. நீங்களே கூட்டிட்டுப் போயி, நீங்களே பத்தரமா கொண்டாந்து விடுங்க" என்று என்னிடம் சொன்னார். "சரிங்க டீச்சர்" என்றேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் கல்யாணத்து வாழை மரம் வாசலில் வாடிக் கிடந்தது. எங்கள் ஆட்கள் அதிலேயே கொடியைக் கட்டியிருந்தார்கள். பெரியவரைப் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "மைக் கேட்டுராதீங்க" என்றேன். "செத்தவன் எங்க கேப்பான்" என்றார்.

முதலில் மறைந்த தோழர்களுக்கு மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்தோம். அவரும் எழுந்தார். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மேடையில் இருந்த யாரையும் விட ஒழுங்காக நின்றார். மேடையில் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேராசிரியர் செல்போனைப் பார்த்தார். நான் பெரியவரைப் பார்த்தேன். சிரிப்பு வருமோ என்று பயந்தேன், வரவில்லை.

பிறகு தலைவர் அவரைப் பற்றிப் பேசினார். "நானும் அவரும் ஜெயில்ல ஒரே கொட்டடியில கெடந்தோம். ஒரே தட்டுல சாப்ட்டோம். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை பழகிப்போய்விட்டது.

மறைந்தவர்களின் குடும்பத்தாருக்கு மலர் கொடுக்கும் கட்டம் வந்தது. பேராசிரியர் பெயர்களை வாசித்தார். ஒருவர் மகன், ஒருவர் பேத்தி, வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் பெயரை வாசித்து, "அன்னாரின் குடும்பத்தார் மேடைக்கு வரவும்" என்றார். நான் போய் வாங்கி வரலாம் என்று எழுந்தேன். அதற்குள் பெரியவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். பிடித்து நிறுத்தத் தோன்றவில்லை. படியில் அவர் தடுமாறியபோது தலைவரே கை கொடுத்து ஏற்றினார். கையில் மலரைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

தலைவர் அவர் இரண்டு தோளையும் பிடித்தார். "தம்பிங்களா? அப்புடியே அண்ணன் முகம்."

பெரியவர் ஒரு நொடி யோசித்தார். "ஆமாங்க" என்றார்.

"அண்ணன் மாதிரி ஆளு இனிமே வர மாட்டாங்க."

"வர மாட்டாங்க" என்று இவரும் ஒத்துக்கொண்டார்.

போட்டோ எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பிறகு வாட்ஸப் குழுவில் பார்த்தேன். தலைவர் கேமராவைப் பார்க்கிறார். பெரியவர் கையில் இருக்கும் மலரைத் திறந்து, தன் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். வெளியே குறுவை நாற்று பச்சையாக நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த வெள்ளைச் சட்டைக்காரரை, யாரோ உறவுக்காரரைப் பார்ப்பது போலத் தள்ளி வைத்தும், கிட்டே வைத்தும் பார்த்தார்.

"நல்லா வந்துருக்குல்ல?"

"நல்லா வந்துருக்கு ஐயா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "தலைவரோட ஒரே கொட்டடியிலயா இருந்தீங்க?"

"அவரு வந்தாரு. மத்தியானச் சோறு வர்றதுக்குள்ள ஜாமீன்ல போயிட்டாரு. அவரு தட்டையும் நான்தான் சாப்ட்டேன்." யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரே தட்டுன்னு சொன்னாரே, அது ஒரு வகையில சரிதான்."

"உங்க முகம் கண்ணுக்குள்ளயே இருக்குன்னாரு."

"கண்ணுக்கு உள்ள இருந்தா வெளில எப்புடித் தெரியும்" என்றவர், மறுபடியும் படத்துக்குப் போய்விட்டார். அவருக்குத் தலைவர் மேல் கோபமே இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் அதே தலைவரிடம் அடுத்த வாரம் போய் டீ சொல்லி அனுப்பப் போகிறவன் நான். அதனால் என் கோபத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நானே எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர்.

"உள்ள வராதீங்க" என்றார்.

"ஏம்மா?"

"சாவுக்குப் போயிட்டு வந்துருக்கீங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க."

"யாரு சாவு?"

"யாரு சாவுன்னு பேப்பர்ல பாத்துட்டுத்தான வர்றீங்க. படிச்ச மனுசங்க ரெண்டு பேரு சேந்து பண்ற வேலையா இது? வெளில நின்னு குளிங்க."

தீட்டு, சாங்கியம் எல்லாம் மூடத்தனம் என்று எங்கள் பத்திரிகை எழுதியதையெல்லாம் கொடிமரத்தடியில் ஒரு வரி விடாமல் வாசித்த மனிதர், மகளை நிமிர்ந்து பார்த்தார். மகள் கண் கலங்கியிருந்தது. காலையிலிருந்து அழுதிருக்க வேண்டும். பெரியவர் மலரை மூடி என் கையில் கொடுத்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வாளிப் பக்கம் குனிந்து உட்கார்ந்தார். மகளே சொம்பில் மொண்டு அவர் தலையில் ஊற்றினார். அந்தத் தலையைத் தடவிப் பார்த்தபடி ஊற்றினார்.

"நீங்களும்தான் சார்" என்றார் என்னிடம், திரும்பாமலே.

"நான் எதுக்குங்க டீச்சர்?"

"நீங்கதான எழுதுனது."

மலரை அக்குளில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தேன். என் தொப்பையை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. முகத்தில் வழிகிற தண்ணீருக்குள்ளிருந்து பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தம்பி, பேப்பர் நனையப் போவுது. மொதல்ல அத உள்ள வைங்க."